ஆர்கானிக் காபி: தோட்டம் முதல் டப்பா வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காபிக்கொட்டை வாங்கி வறுத்துக் கொடுப்பது என் வேலை. பையின் மேல் "ஆர்கானிக்" என்ற சொல்லைப் பார்த்ததும் எழுகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறேன். தோட்டத்தில் வருடக்கணக்காகப் பாடுபட்டுச் சேர்த்ததை வீட்டு அலமாரியில் மூன்று வாரத்தில் தொலைத்துவிடுகிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம். அதனால் பாதுகாப்பது பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளும்.

ஆர்கானிக் காபி என்றால் மருந்தே அடிக்காத காபி, அவ்வளவுதானே?

பாதி சரி. செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, யூரியா மாதிரியான உரங்கள் கூடாது. மரபணு மாற்றிய நாற்று, சாக்கடைக் கசடு, கதிர்வீச்சு கொடுத்துப் பாதுகாப்பது இவையும் கூடாது. ஆனால் எதையுமே தெளிக்கக் கூடாது என்று விதி கிடையாது. வேப்பெண்ணெய், கந்தகம், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை போன்றவற்றுக்கு வரம்போடு அனுமதி உண்டு.

மறந்துபோகிற மீதிப் பாதி, தோட்டத்துக்கு வெளியே நடப்பது. பழத்தைப் பதப்படுத்தும் இடம், கிடங்கு, வறுக்கும் ஆலை, பை அடைக்கும் இடம் என எல்லாமே கணக்கில் வரும். நடுவில் ஓர் இடத்தில் தவறினாலும் அந்தக் காபியை ஆர்கானிக் என்று விற்க முடியாது.

உரமே போடாமல் செடி எப்படிக் காய்க்கும்?

உரம் போடாமல் இல்லை. மூட்டை உரம் போடுவதில்லை. ஒரு கிலோ பச்சைக்கொட்டை கிடைக்க 5 முதல் 6 கிலோ பழம் பறிக்க வேண்டும். அத்தனை பழத்தோடும் மண்ணிலிருந்த தழைச்சத்தும் சாம்பல்சத்தும் வெளியே போகின்றன. அதைத் தொழுவுரம், மண்புழு உரம், மரச்சாம்பல், பாறை பாஸ்பேட் என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். பழத்தின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தோலும் சதையும்தான். அதையும் மக்க வைத்துச் செடிக்கே போடுவார்கள். மக்காத தோலைக் குவியலாக விட்டால் புளித்து நாறும், ஈ மொய்க்கும், வடிகிற நீர் ஓடையைக் கெடுக்கும். ஒரு தோட்டம் உண்மையிலேயே அக்கறையோடு நடக்கிறதா என்று பார்க்க நான் முதலில் போய் நிற்கும் இடம் அந்தத் தோல் குவியல்தான்.

கல்யாண முருங்கை, கிளிரிசிடியா மாதிரியான மரங்களைச் செடிகளுக்கு நடுவே வளர்ப்பதும் உரத்துக்காகத்தான். இவற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். கவாத்து செய்த கிளையும் உதிர்ந்த இலையும் மூடாக்காகிவிடும். இத்தனை செய்தாலும் மக்கிய உரம் மெதுவாகத்தான் வேலை செய்யும். ரசாயன உரத்தில் ஓடிய தோட்டத்தை மாற்றினால் விளைச்சல் பெரும்பாலும் இறங்கும். "குறையவே குறையாது" என்று ஒருவர் அடித்துச் சொன்னால் அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

நிழல் மரம், நிழல் மரம் என்கிறார்களே, வெயிலில் வளர்த்தால் என்ன கெட்டுப்போகும்?

அராபிகா எத்தியோப்பியாவின் மலைக்காடுகளில் பெரிய மரங்களுக்குக் கீழே வளர்ந்த செடி. நிழல் அதற்குப் பிறந்த வீடு. முழு வெயிலில் நிறுத்தினால் பூவும் காயும் கூடும், ஆனால் அந்தப் பாரத்தைத் தாங்க நிறைய உரம் வேண்டும். உரம் போதாவிட்டால் கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். தரையில் வெயில் விழுவதால் களையும் அதிகம். மூட்டை உரமும் களைக்கொல்லியும் இல்லாதவருக்கு இது கட்டுப்படியாகாது.

நிழலில் பழம் நிதானமாகப் பழுக்கும், மண் ஈரம் காக்கும், பறவைகள் தங்கும். அதற்காக இருட்டாகவும் விடக் கூடாது. காற்றோட்டம் குறைந்தால் பூஞ்சை வரும், பூ குறையும். ஒன்றைக் கவனியுங்கள்: ஆர்கானிக் முத்திரை இருந்தாலே அது நிழலில் வளர்ந்தது என்று ஆகிவிடாது. ஸ்மித்சோனியன் நிறுவனம் தருகிற 'பேர்ட் ஃப்ரெண்ட்லி' முத்திரை மட்டும் ஆர்கானிக், நிழல் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது.

பூச்சி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்களா?

காபிக்குப் பெரிய தலைவலி காய்த் துளைப்பான். 2 மில்லிமீட்டர்கூட இல்லாத கறுப்பு வண்டு. பெண் வண்டு காயின் நுனியில் ஓட்டை போட்டு உள்ளே போய்க் கொட்டைக்குள்ளேயே முட்டையிடும். கஃபீன் மற்றப் பூச்சிகளுக்கு நஞ்சு. இந்த வண்டு மட்டும் பிழைப்பதற்குக் காரணம் அதன் குடலிலிருக்கும் பாக்டீரியாக்கள். அவை கஃபீனை உடைத்துவிடுகின்றன என்று 2015இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளே புகுந்த வண்டின் மேல் எந்த மருந்தும் எளிதில் படாது. முன்பு இதற்கு எண்டோசல்ஃபானைப் பரவலாக அடித்தார்கள். 2011இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை உலக அளவில் ஒழிக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஆர்கானிக் தோட்டத்தில் இதற்கு மருந்தைவிடக் கைவேலைதான் முக்கியம். அறுவடை முடிந்ததும் செடியில் தங்கிய பழம், தரையில் உதிர்ந்த பழம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும். வண்டு அடுத்த பருவம்வரை தங்கியிருக்கும் வீடு அதுதான். அப்புறம் சாராய வாடை காட்டி இழுக்கும் பொறி, வண்டின் மேல் வளர்ந்து அதைக் கொல்லும் பியூவேரியா என்ற பூஞ்சை. இரண்டும் உதவும், ஆனால் பழம் பொறுக்குவதைக் கைவிட்டவரை இவை காப்பாற்றாது.

நோய் என்றால் இலைத்துரு. 1869இல் இலங்கையில் பதிவான இந்தப் பூஞ்சை சில பத்தாண்டுகளில் அந்தத் தீவின் காபித் தோட்டங்களை அழித்தது. தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினார்கள். இதற்கு எதிர்ப்புள்ள ரகம் நடுவதுதான் முதல் வழி. அடுத்தது போர்டோ கலவை. அதிலிருக்கும் தாமிரம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் ஐரோப்பிய விதிகள் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ தாமிரத்துக்கு மேல் விடுவதில்லை. ஆர்கானிக்கில் அனுமதித்த பொருள் என்பதாலேயே அது சாது என்று நினைத்துவிடக் கூடாது.

இன்றைக்கு மருந்தை நிறுத்தினால் அடுத்த அறுவடையை ஆர்கானிக் என்று விற்கலாமா?

முடியாது. தடை செய்த பொருளைக் கடைசியாகப் போட்டதிலிருந்து அறுவடைவரை 36 மாதம் கடக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஐரோப்பாவிலும் காபி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு.

விவசாயிக்கு இந்த மூன்று வருடம்தான் கண்டம். விளைச்சல் இறங்கியிருக்கும், செலவு ஏறியிருக்கும், விலை மட்டும் சாதாக் காபியின் விலை. இடையில் விட்டு ஓடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சான்றிதழ் இல்லை, ஆனால் நாங்கள் மருந்தே அடிப்பதில்லை என்கிறார்கள். நம்பலாமா?

அப்படிப்பட்ட தோட்டங்கள் உண்டு. மருந்து வாங்கக் காசில்லாததாலேயே எதையும் தெளிக்காத சிறு விவசாயிகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சான்றிதழுக்குப் பணமும் ஏட்டு வேலையும் பிடிக்கும். அதனால்தான் சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றிதழ் வாங்கும் முறை வந்தது.

நேரில் பேச வாய்ப்பிருந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். களையை எப்படி எடுக்கிறீர்கள்? காய்த் துளைப்பானுக்கு என்ன செய்கிறீர்கள்? பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வராமல் எல்லையில் என்ன வைத்திருக்கிறீர்கள்? உண்மையாகச் செய்கிறவர் இதற்கெல்லாம் அரை மணி நேரம் பேசுவார். "எல்லாம் இயற்கைதான்" என்று ஒரே வரியில் முடிப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

ஃபேர் ட்ரேடும் ஆர்கானிக்கும் ஒன்றா?

இல்லை. ஃபேர் ட்ரேட் என்பது விவசாயிக்குக் கிடைக்கும் விலையையும் வேலை செய்கிறவர்களின் நிலைமையையும் பற்றியது; 1988இல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவெலார் என்ற முத்திரையோடு, மெக்சிகோ காபியில் தொடங்கியது. ஒரே பையில் இரண்டு முத்திரையும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம்.

கொட்டை பழத்துக்குள் இருக்கிறதாமே? பறித்த பிறகு என்ன செய்வார்கள்?

ஆமாம், சிவந்த பழத்துக்குள் பெரும்பாலும் இரண்டு கொட்டை, முகத்தோடு முகம் ஒட்டி இருக்கும். மேலே தோல், சதை, அதற்குள் வழவழப்பான பசை, அப்புறம் பார்ச்மெண்ட் என்ற காகிதம் போன்ற ஓடு. இவ்வளவையும் நீக்கினால்தான் பச்சைக்கொட்டை. ஒரே கிளையில் காயும் பழமும் சேர்ந்தே இருப்பதால் பழுத்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். அதே செடிக்கு நான்கைந்து தடவை வர வேண்டியிருக்கும்.

பறித்த அன்றே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். இரவு முழுக்கச் சாக்கில் கிடந்தால் பழம் சூடேறிப் புளித்துவிடும். அந்தப் புளிப்பு கோப்பைவரை வரும். ஈர முறையில் பழத்தைத் தண்ணீரில் கொட்டுவார்கள். பூச்சி அரித்ததும் சொத்தையும் மிதக்கும், அதை வழித்து எடுத்துவிடலாம். பல்பர் எந்திரம் தோலையும் சதையையும் பிரிக்கும். பசை ஒட்டிய கொட்டை தொட்டியில் புளிக்கும், குளிருக்கு ஏற்ப ஏறக்குறைய 12 முதல் 36 மணி நேரம். கொட்டையைக் கையில் அள்ளித் தேய்த்தால் வழுக்காமல் கூழாங்கல் மாதிரி சரசரக்க வேண்டும். அனுபவசாலிகள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, இந்தச் சத்தத்தைத்தான் கேட்கிறார்கள். பிறகு கழுவிக் காயவைப்பது.

கொட்டையின் ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்கு வந்ததும் காயவைப்பதை நிறுத்த வேண்டும். ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்கும். அதில் சில, ஓக்ராடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஆர்கானிக் தோட்டம் என்று பூஞ்சை சலுகை காட்டாது.

வாஷ்டு, நேச்சுரல், ஹனி என்றெல்லாம் போட்டிருக்கிறதே, ஹனியில் தேன் கலப்பார்களா?

ஒரு துளிகூட இல்லை. தோலை எடுத்துவிட்டுப் பசையைக் கொட்டையின் மேலேயே விட்டுக் காயவைப்பதற்குத்தான் ஹனி என்று பெயர். தொட்டால் தேன் மாதிரி ஒட்டும். வாஷ்டு என்பது மேலே சொன்ன ஈர முறை. நேச்சுரல் என்றால் பழத்தைத் தோலோடு அப்படியே வெயிலில் காயவைப்பது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அடிக்கடி கிளற வேண்டும். பழவாசனை தூக்கலாக இருக்கும். தண்ணீர்ச் செலவும் மிகக் குறைவு.

நேச்சுரல் என்று எழுதியிருந்தால் அது ஆர்கானிக்தானே?

இல்லவே இல்லை. நேச்சுரல் என்பது காயவைத்த முறையின் பெயர். மருந்து அடித்த தோட்டத்துப் பழத்தையும் அப்படிக் காயவைக்கலாம். இந்தக் குழப்பத்தைச் சில பைகள் வேண்டுமென்றே வளர்க்கின்றன என்பது என் சந்தேகம்.

மூட்டையில் மாதக்கணக்கில் இருக்கும் கொட்டையில் பூச்சி விழாதா? அங்கே மருந்து போடமாட்டார்களா?

சாதாக் காபிக்குக் கிடங்கில் பாஸ்பீன் புகை போடுவது உண்டு. ஆர்கானிக்குக் கூடாது. பதிலாகக் காற்றுப்புகாத பல அடுக்கு உறைக்குள் கொட்டையை அடைத்து, அதைச் சணல் சாக்கில் வைக்கிறார்கள். உள்ளே பூச்சி இருந்தாலும் ஆக்சிஜன் தீர்ந்ததும் செத்துவிடும். வெளி ஈரமும் ஏறாது. இப்படி வைத்தால் பச்சைக்கொட்டை ஒரு வருடம் வரை குணம் மாறாமல் இருக்கும்.

பச்சைக்கொட்டை வாசனையைப் பஞ்சு மாதிரி இழுக்கும். ஒருமுறை வெறும் சணல் மூட்டை ஒன்றைப் பெயிண்ட் டப்பா இருந்த அறையில் நானே வைத்துவிட்டேன். வறுத்த பிறகும் அந்த வாடை போகவில்லை. முழு மூட்டையும் உரக்குழிக்குப் போனது.

வறுக்கும் சூட்டில் எல்லா மருந்தும் எரிந்துவிடுமே, பிறகு எதற்கு ஆர்கானிக்?

நியாயமான கேள்வி. கொட்டை ஏறக்குறைய 200 டிகிரியில் முதல் வெடிப்புச் சத்தம் கொடுக்கும், அதற்கு மேலும் சூடேறும். அந்தச் சூட்டில் பல மருந்துகளின் எச்சம் பெருமளவு குறைகிறது. அதற்கு முன்பே தோலோடும் ஓட்டோடும் ஒரு பகுதி போய்விடும். ஆகவே "ஒவ்வொரு வாயிலும் விஷம்" என்ற பிரசாரத்தில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் மருந்தைக் கலக்கித் தெளிப்பவருடைய மூச்சிலும் தோலிலும் அது வறுபடாமல்தான் போகிறது. ஓடைக்கும் மண்ணுக்கும் அப்படித்தான். ஆர்கானிக்கின் பெரிய பலன் குடிக்கிறவருக்கு அல்ல, தோட்டத்தில் நிற்கிறவருக்கு. நான் வாங்குவதும் அதற்காகத்தான்.

ஒரே மெஷினில் சாதாக் காபியையும் வறுத்தால் ஆர்கானிக் கெட்டுப்போகுமா?

தனி எந்திரம் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் சுத்தம் செய்து, முதலில் கொஞ்சம் ஆர்கானிக் கொட்டையை ஓட்டி, அதைச் சாதாவோடு சேர்த்துவிட்டு, பிறகு ஆர்கானிக்கைத் தொடங்க வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்ற கணக்கும் பொருந்த வேண்டும். வறுக்கும்போது 12 முதல் 20 சதவீதம் எடை குறையும். 100 கிலோ பச்சைக்கொட்டை வாங்கி 100 கிலோ வறுத்த காபி விற்றவர் ஆய்வாளரிடம் மாட்டிக்கொள்வார்.

ஆர்கானிக் காபியில் ருசி அதிகமா? கஃபீன் குறைவா?

இரண்டுக்கும் ஆர்கானிக்கோடு நேரடித் தொடர்பு இல்லை. ருசி வருவது ரகம், உயரம், பழுத்ததை மட்டும் பறித்தது, புளிக்கவைத்த நிதானம், வறுத்த பக்குவம் இவற்றால். கஃபீனை முடிவு செய்வது செடியின் இனம்: அராபிகாவில் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முத்திரையோடு வந்த சுமாரான காபியும் நிறையக் குடித்திருக்கிறேன்.

கஃபீன் எடுத்த காபி ஆர்கானிக்காக இருக்க முடியுமா? ரசாயனம் இல்லாமல் எப்படி எடுப்பது?

முடியும். மெத்திலீன் குளோரைடு மாதிரியான கரைப்பான்களைத்தான் ஆர்கானிக் விதிகள் ஒதுக்குகின்றன. மிச்சம் இரண்டு வழி. ஒன்று தண்ணீர்: காபியின் மற்றச் சாரங்கள் ஏற்கெனவே நிறைந்த, கஃபீன் மட்டும் இல்லாத நீரில் பச்சைக்கொட்டையை ஊறவைத்தால் கஃபீன் மட்டும் இறங்கும், அந்த நீரைக் கரி வடிகட்டியில் விட்டு மறுபடி பயன்படுத்தலாம். இன்னொன்று, அதிக அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திக் கஃபீனைக் கரைத்து எடுப்பது. எந்த வழியிலும் கஃபீன் முழுக்கப் போவதில்லை, துளி மிஞ்சும்.

வறுத்த கொட்டை எத்தனை நாள் தாங்கும்?

கெட்டுப்போவதைப் பற்றிக் கேட்டால், பல மாதம் ஆனாலும் கெடாது. காய்ந்த பொருள், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. மணம் இருக்கும் காலம் வேறு. என் கணக்கில் வறுத்து ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை முழுக் கொட்டை நன்றாக இருக்கும். முதல் சில நாள் கார்பன் டை ஆக்சைடு வேகமாக வெளியேறும். அப்போது போட்டால் தண்ணீர் தூளுக்குள் சரியாக இறங்காது. ஆகவே மூன்று நாளாவது பொறுங்கள்.

அரைத்துவிட்டால் கதை மாறிவிடும். காற்றுப் படும் பரப்பு பலமடங்காகிறது. கொட்டைக்குள் பூட்டியிருந்த வாயுவில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் போய்விடும், அதோடு வாசனையும். கடையில் அரைத்த தூளை இரண்டு மாதம் வைத்துக் குடித்துவிட்டு "ஆர்கானிக்கில் மணமே இல்லை" என்று என்னிடம் சொல்கிறவர்கள்தான் அதிகம். ஒரு சின்னக் கை அரவை வாங்குங்கள். முத்திரைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைவிட அது கோப்பையில் உடனே தெரியும்.

பையில் தேட வேண்டியது வறுத்த தேதி. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" என்பது மட்டும் இருந்தால் வறுத்தது எப்போது என்று தெரியாது. வீட்டில் சோதிக்க, தூளில் கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் வாயு இன்னும் இருக்கிறது. சேறு மாதிரி அடங்கிக் கிடந்தால் பழசு.

பையில் சின்ன ஓட்டை இருக்கிறதே, அது வழியாகக் காற்றுப் போகாதா?

அது ஒருவழி வால்வு. மேலே சொன்ன வாயு வெளியேறாவிட்டால் பை உப்பி வெடித்துவிடும். உள்ளிருந்து வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் குளிர்ந்த கொட்டையில் ஈரம் படியும். உள்ளே இருக்கும் மற்ற வாசனைகளும் ஏறும். இரண்டு மூன்று வாரத்தில் தீர்கிற அளவு வாங்கி, காற்றுப்புகாத, வெளிச்சம் படாத டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். கண்ணாடி ஜாடி அழகுதான், ஆனால் அலமாரிக்குள் இருக்கட்டும். பாதி காலியான பெரிய டப்பாவைவிட இறுக்கமான சிறிய டப்பா மேல்.

நிறைய வாங்கிவிட்டீர்களா? ஃப்ரீசர் வேறு விஷயம், அது உண்மையில் உதவும். வாரத்துக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்துக் காற்று நீக்கி மூடுங்கள். எடுத்த பொட்டலத்தை அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள், பிரித்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

கொட்டை எண்ணெய் மினுமினுப்பாக இருந்தால் புதுசு என்று அர்த்தமா?

கறுப்பாக வறுத்ததில் எண்ணெய் முதல் வாரத்திலேயே மேலே வந்துவிடும்; அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நடுத்தரமாக வறுத்த கொட்டை வாங்கியபோது உலர்ந்திருந்து இப்போது பளபளத்தால் வயதாகிவிட்டது. அந்த எண்ணெய் காற்றுப்பட்டுச் சிக்கடிக்கும். அரவை எந்திரத்தையும் அவ்வப்போது துடையுங்கள். பழைய எண்ணெய் புதுக் கொட்டையையும் கெடுக்கும்.

குடித்து முடித்த சக்கையைச் செடிக்கு அப்படியே போடலாமா?

கனமாகக் கொட்டாதீர்கள். காய்ந்ததும் அடை மாதிரி இறுகித் தண்ணீரைக் கீழே விடாது. மக்காத சக்கை இளஞ்செடிகளின் வளர்ச்சியையும் தடுக்கும். காய்ந்த இலையோடு கலந்து சில மாதம் மக்க வைத்துப் போடுங்கள். தோட்டத்தில் பழத்தோலுக்குச் செய்வதும் இதேதான்.